நெற்றி ஏறுகிறது, புருவம் உதிர்கிறது: முடி நடலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. இரண்டு வருடமாக முன்நெற்றி முடி பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. புருவமும் பாதி இல்லை. புழுவெட்டு என்று சின்ன வெங்காயம் தேய்த்தும் பலனில்லை. இப்போது ஒரு கிளினிக்கில் முடி நடச் சொல்கிறார்கள். இந்த மாதமே பணம் கட்டினால் தள்ளுபடியாம். கட்டலாமா? (வாசகி, மதுரை)

பதில்: கட்டாதீர்கள். முன்பணம்கூட வேண்டாம்.

புழுவெட்டு பெரும்பாலும் வட்ட வட்டமாக வரும். உங்களுக்கு நெற்றி ஓரம் முழுக்க ஏறுகிறது, புருவமும் போகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இப்படி என்றால் என் முதல் சந்தேகம் ஃபிரன்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா. 1994-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் கோசார்ட் முதலில் விவரித்த நோய். நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே வேர்க்காலைத் தாக்கி, அந்த இடத்தைத் தழும்பாக்கிவிடும். தழும்பான இடத்தில் முடி முளைக்காது. மிச்சமிருப்பதைக் காப்பதற்குத்தான் வைத்தியம்.

நோய் அடங்காத தலையில் நட்டால், நட்டதும் போகும். அடங்கி ஓரிரு வருடம் ஆனபின் யோசிக்கலாம்; அப்போதும் உத்தரவாதமில்லை. இதை அங்கே யார் சொன்னார்கள்? 'கவுன்சலர்' என்று எதிரே உட்கார்ந்தவர் மருத்துவரா என்று கேட்டீர்களா? அடுத்து பிஆர்பி ஊசி (உங்கள் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துத் தலையில் போடுவது), பயோட்டின் வைட்டமின் என்று 'பேக்கேஜ்' நீளும். பயாப்சி, அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது, என்ற பேச்சே வராது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். சின்ன வயதிலிருந்து இறுக்கிப் பின்னி, இழுத்துக் கொண்டை போட்டவர்களுக்கும் முன்முடி போகும். ஆனால் அதில் பழைய நெற்றி ஓரத்தில் பொடிமுடி ஒரு வரிசை மிஞ்சியிருக்கும், புருவத்துக்கு ஒன்றும் ஆகாது. தளர்த்திக் கட்டினால், ஆரம்பமாக இருந்தால், திரும்ப வளரும். பல வருடம் இழுத்திருந்தால் அதுவும் தழும்புதான். நான் சந்தேகிக்கும் நோயில் ஓரம் வழவழவென்று வெளுத்து, நடுவில் ஒற்றை முடி அங்கொன்று இங்கொன்றாக நிற்கும். கண்ணாடியில் பாருங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவுக்குப் போங்கள். "வயசானா கொட்டத்தான் செய்யும்" என்று ஷாம்பூ எழுதி அனுப்பப் பார்ப்பார்கள். நகராதீர்கள், பயாப்சி வேண்டுமா என்று கேளுங்கள். 4 மில்லிமீட்டர் தோல்தான் எடுப்பார்கள். வழுக்கையான இடத்தில் எடுத்துப் பயனில்லை. முடியைச் சுற்றிச் சிவந்திருக்கும் ஓரத்தில் எடுக்க வேண்டும். தழும்பாக்கும் ஒரு நோய்க்கான வைத்தியத்தை 'அழகு சிகிச்சை' என்று காப்பீட்டில் பணம் தர மறுப்பதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஸ்டீராய்டு களிம்பு, ஊசி, சிலருக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை (கண்ணைப் பாதிக்கக்கூடும் என்பதால் கண் பரிசோதனையோடு) தருவோம். டுடாஸ்டெரைடு எழுதினால், "இது ஆம்பளைங்க புராஸ்டேட் மாத்திரையாச்சே" என்பார் மருந்துக்கடைக்காரர். மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்த நோய்க்கும் கொடுக்கிறோம், வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டில்லாமல் அவராக எடுத்துக் கொடுத்தால் மட்டும் வாங்காதீர்கள்.