முகம் பார்க்காத தம்பி, வரி தவறும் அண்ணன்: கண் அசைவை வைத்து எதைச் சொல்லலாம்?

விசுவமடுவிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். மூத்த மகனுக்கு 9 வயது, தரம் 4. வாசிக்கும்போது வரி மாறிவிடுகிறது, ஒரே சொல்லுக்குத் திரும்பத் திரும்பப் போகிறான். வகுப்பில் பார்வை எப்போதும் யன்னலுக்கு வெளியே என்று ரீச்சர் சொல்கிறார். இளையவனுக்கு 2 வயதும் 4 மாதமும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அநேகமாகத் திரும்புவதில்லை. முகம் பார்ப்பது குறைவு. ஃபானோ சைக்கிள் சில்லோ சுற்றினால் பார்த்துக்கொண்டே நிற்பான். கண் அசைவைப் பதிவு செய்யும் ஒரு மெஷின் சில நிமிடத்தில் ஓட்டிசத்தை (மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறுபட்டிருக்கும் மூளை வளர்ச்சி நிலை) கண்டுபிடித்துவிடுமாம், இந்தியாவுக்குக் கொண்டுபோய்ச் சோதிப்பதென்றால் காசு அனுப்புகிறேன் என்று கனடாவில் இருக்கும் சித்தி சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் பக்கத்து ஊரில் ஒருவர் வாசிப்புக் குறைந்த பிள்ளைகளுக்குக் கண் பயிற்சி வகுப்பு நடத்துகிறார். "இரண்டு பேருக்கும் ஒரே பிரச்சினையா? எந்தச் சோதனைக்கு முதலில் போவது?" என்பது கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மெஷினைத் தேடி எங்கும் போக வேண்டாம். இளையவனை இந்த மாதத்துக்குள் பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள், காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். மூத்தவனுக்கு வேறு எதையும் யோசிக்க முன் கண் பார்வையைச் சோதியுங்கள். கண் பயிற்சி வகுப்புக்குக் காசு கட்டாதீர்கள். ஏன் என்பதும் விளங்க வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வேறொருவர் வேறொரு பெயரில் இதையே விற்க வருவார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் கண் ஒரு காட்சி முழுவதையும் ஒரே கூர்மையில் பார்ப்பதில்லை. நடுவில் ஏறத்தாழ 2 பாகை அளவுதான் கூர்மையாகத் தெரியும்; கையை நீட்டிப் பிடித்தால் பெருவிரல் நகத்தின் அகலம் அது. இருட்டில் டோர்ச் அடித்துக்கொண்டு குளக்கட்டில் நடப்பவர் வெளிச்சத்தை இங்கும் அங்கும் போட்டுப் பார்ப்பதைப் போல, கண்ணும் அந்தச் சின்ன வட்டத்தை இடம் மாற்றி மாற்றிப் போடுகிறது. நொடிக்கு மூன்று தடவை அளவில் பாய்கிறது, இடையில் நின்று பார்க்கிறது. அடுத்து எங்கே பாய்வது, இப்போது பார்ப்பதை எப்போது விடுவது என்பதை மூளைதான் தீர்மானிக்கிறது. அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் பட வைத்து, அதன் பிரதிபலிப்பைக் கமராவில் பிடித்து, பார்வை எங்கே விழுந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று இந்தக் கருவிகள் கணக்கிடுகின்றன. கருவி பொய்யில்லை. அது தரும் கணக்கிலிருந்து ஒரு தனிப் பிள்ளைக்கு நோயின் பெயர் சொல்ல முடியுமா என்பதில்தான் சிக்கல்.

ஓட்டிசத்தை எடுத்துக்கொள்வோம். 2002இல் அமெரிக்காவில் அமி க்ளினின் ஆய்வுக்குழு ஒரு திரைப்படத்தின் துண்டுகளை ஓட்டிசமுள்ள இளைஞர்களுக்குப் போட்டுக் காட்டியது. அவர்கள் நடிகர்களின் கண்களைப் பார்த்த நேரம் குறைவாகவும், வாயையும் பொருட்களையும் பார்த்த நேரம் கூடவும் இருந்தது. 2013இல் வாரன் ஜோன்ஸும் க்ளினும் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. பிறந்ததிலிருந்து தொடர்ந்து அவதானித்த குழந்தைகளில், பிற்பாடு ஓட்டிசம் என்று உறுதியானவர்கள் 2 மாதத்தில் மற்றக் குழந்தைகளைப் போலவே கண்களைப் பார்த்தார்கள். 2 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையில்தான் அது மெல்லக் குறையத் தொடங்கியது. மற்றப் பிள்ளைகள் ஆடி அசையும் வீடியோவைவிட அசையும் வடிவக் கோலங்களை அதிகம் பார்க்கும் சின்னப் பிள்ளைகள் பற்றி 2011இல் கரென் பியர்ஸின் குழு எழுதியது. அப்படி மிக அதிகமாகப் பார்த்தவர்களிடம் ஓட்டிசம் இருந்தது. ஆனால் ஓட்டிசமுள்ள பலர் அப்படிப் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் மகன் ஃபானைப் பார்ப்பதைக் கவனத்தில் எடுக்க வேண்டும், ஆனால் அதை மட்டும் வைத்து எதையும் உறுதி செய்ய முடியாது.

இன்னொன்றும் உண்டு. எதைப் பார்க்கிறான் என்பது ஒரு பக்கம், பார்ப்பதை விட்டு வர முடிகிறதா என்பது இன்னொரு பக்கம். பின்னர் ஓட்டிசம் உறுதியான சில குழந்தைகளில், ஒன்றில் பதிந்த பார்வையைப் பிடுங்கி வேறொன்றுக்குக் கொண்டுபோக அதிக நேரம் பிடிப்பதைக் கண்டிருக்கிறார்கள். நீங்கள் கூப்பிட்டும் அவன் திரும்பாதது இதனாலும் இருக்கலாம், காது கேளாததாலும் இருக்கலாம். காதுச் சோதனையை நான் முதலில் சொன்னது இதற்காகத்தான்.

சித்தி சொன்ன மெஷினைப் பற்றி 2023இல் அமெரிக்காவின் ஆறு சிறப்பு நிலையங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 16 முதல் 30 மாத வயதுள்ள 475 பிள்ளைகள். நிபுணர்கள் ஓட்டிசம் என்று சொன்ன ஒவ்வொரு 100 பேரிலும் 71 பேரைக் கருவியும் பிடித்தது, 29 பேரைத் தவறவிட்டது. ஓட்டிசம் இல்லாத 100 பேரில் 19 பேர் அளவுக்கு இருக்கிறது என்று சொன்னது. வைத்தியரின் பரிசோதனைக்கு ஒரு துணையாக அது பயன்படலாம், அந்த நாட்டிலும் அதற்குக் கிடைத்த அனுமதி அவ்வளவுக்குத்தான். கடல் கடந்து போய் அந்த ஒரு எண்ணை வாங்கி வந்தாலும், இங்கே நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் மாறாது.

மற்ற நிலைகளோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். வில்லியம்ஸ் சின்ட்ரோம் என்று ஒன்று, 7ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு இல்லாமற்போவதால் வருவது. அந்தப் பிள்ளைகள் முகத்தை விட்டுக் கண் எடுக்கவே மாட்டார்கள். ரிபி, ஹான்காக் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் ஒரே மாதிரிப் படங்களை இரு தரப்புக்கும் காட்டினார்கள். ஓட்டிசமுள்ளவர்கள் முகத்தைக் குறைவாகவும், வில்லியம்ஸ் உள்ளவர்கள் வழமையைவிடக் கூடுதலாகவும் பார்த்தார்கள். ஆனால் மற்றவர்களோடு பழகி நட்பை நிலைநிறுத்துவது இரு தரப்புக்குமே கஷ்டம். 'முகம் பார்க்கிறான், அப்போ ஒன்றுமில்லை' என்று சொந்தக்காரர் தேற்றும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஃப்ரஜைல் எக்ஸ் என்னும் பரம்பரை நிலையில் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆனால் அங்கே பெரும்பாலும் ஆர்வம் இருக்கிறது, கூச்சமும் பதற்றமும்தான் பார்வையைத் தள்ளிவிடுகின்றன. ஓட்டிசத்திலும் சிலருக்குக் கண்ணோடு கண் பார்ப்பது உடம்புக்கே தாங்காத ஒன்று. வேறு சிலருக்கு அது முக்கியமான விடயமாகவே படுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அதனால் தயவுசெய்து தாடையைப் பிடித்துத் திருப்பி "அம்மாவைப் பார்" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். பதற்றமுள்ள பிள்ளைக்கு அது பயத்தைத்தான் பழக்கும். பிள்ளையின் முக மட்டத்துக்கு நிலத்தில் இறங்கி உட்காருங்கள். அவன் விரும்பும் சாமானை உங்கள் முகத்துக்குக் கிட்டப் பிடியுங்கள். சில்லைச் சுற்றிவிட்டு நிறுத்திக் காத்திருங்கள், அவன் உங்களை நோக்கியதும் மறுபடி சுற்றுங்கள். பார்வை தானாக வரும்படி செய்யும் வழி இது.

எங்கள் ஊர்ப் பழக்கத்தையும் மறக்கக் கூடாது. பெரியவர் முன்னால் தலை குனிந்து நிற்பதைத்தான் நல்ல பிள்ளை என்று வளர்க்கிறோம். வெள்ளைக் கோட் போட்ட புதிய ஆளை அவன் பார்க்காததில் பெரிதாக ஒன்றுமில்லை. இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், வெளிநாட்டுக் கேள்விப் பட்டியல் ஓட்டிசமுள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோரைத் தவறவிட்டது. அதன் பிறகுதான் படங்களைக் காட்டித் தாய்மாரிடம் கேட்கும் முறை ஒன்றை இங்கேயே உருவாக்கினார்கள். வீட்டில், பழகிய ஆட்களோடு பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதற்குத்தான் கூட மதிப்பு.

இனி மூத்தவன். "கவனமில்லை" என்று ரீச்சர் சொன்னதும் ஏ.டி.எச்.டி (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் உள்ள நிலை) என்ற பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். அதில் கண் அசைவைச் சோதிக்கும் ஒரு முறை உண்டு. திரையின் ஒரு பக்கத்தில் வெளிச்சம் வந்தால் மற்றப் பக்கம் பார் என்பார்கள். வெளிச்சத்தை நோக்கிப் பாயும் கண்ணை அடக்கித் திருப்ப வேண்டும். ஏ.டி.எச்.டி உள்ளவர்கள் இதில் அதிகம் பிழை விடுவார்கள், ஒரே புள்ளியில் கண்ணை நிறுத்தி வைக்கவும் கஷ்டப்படுவார்கள், ஒரு தடவை வேகமாகவும் அடுத்த தடவை தாமதமாகவும் செய்வார்கள். ஆனால் எந்தப் பிரச்சினையும் இல்லாத சின்னப் பிள்ளைகளும் இதில் நிறையப் பிழை விடுகிறார்கள், அடக்கும் திறன் பதின்ம வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே 9 வயதுப் பிள்ளை ஒருவனைத் தனியாக வைத்து இதில் முடிவு சொல்ல முடியாது. ஓட்டிசமும் ஏ.டி.எச்.டியும் ஒரே பிள்ளையில் சேர்ந்து வரவும் கூடும். அமெரிக்க உளமருத்துவக் கையேடு இரண்டையும் சேர்த்துச் சொல்ல அனுமதித்ததே 2013இல்தான்.

யன்னலுக்கு வெளியே பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில நொடி அப்படியே உறைந்து, தொட்டாலும் பதில் இல்லாமல், இமை துடித்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்கிறானா? அப்படியென்றால் அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வரி மாறுவதற்கு வருவோம். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டில் கண் ஒவ்வொரு இடத்திலும் அதிக நேரம் நிற்கும், சின்னச் சின்னப் பாய்ச்சலாகப் போகும், அடிக்கடி பின்னால் திரும்பும். இதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் சரி என்கிறார்கள். காரணமும் விளைவும் இங்கே இடம் மாறிவிட்டன. சிங்களம் எழுத்துக்கூட்டி மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒரு சிங்களக் கடிதத்தைக் கொடுத்தால் அவருடைய கண்ணும் இதையேதான் செய்யும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளைத் தங்கள் வாசிப்பு மட்டத்திலுள்ள இளைய பிள்ளைகளோடு ஒப்பிட்டால் கண் அசைவு ஏறக்குறைய ஒன்றுதான். எழுத்தை ஒலியாக மாற்றுவது சிரமம், அதனால் கண் தடுமாறுகிறது. தமிழில் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளமாக வருவதால் ஒரே சொல்லில் கண் பல தடவை நிற்க வேண்டியிருக்கிறது, சிரமமும் கூடத் தெரிகிறது. 2009இல் அமெரிக்கப் பிள்ளை வைத்தியர்களும் கண் வைத்தியர்களும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, கண் பயிற்சியும் நிறக் கண்ணாடியும் வாசிப்புக் குறைபாட்டைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று தெளிவாகவே சொன்னது. கிட்டப் பார்க்கும்போது இரு கண்ணும் உள்நோக்கிச் சேராத குறை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. எழுத்து இரண்டாகத் தெரியும், தலையிடிக்கும். அதற்குப் பயிற்சி உண்டு, கண் கிளினிக்கில் சோதித்த பிறகு கொடுப்பார்கள். ஆனால் அந்தப் பயிற்சியும் வாசிப்பைக் கூட்டவில்லை என்று 2019இல் வந்த ஆய்வு காட்டியது.

உங்கள் மகனுக்கு வீட்டில் ஒரு சின்னப் பரீட்சை செய்யலாம். ஒரு கதையை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். கேட்டு நன்றாக விளங்கிக்கொள்பவன் தானாக வாசிக்கும்போது மட்டும் திணறினால் வாசிப்புக் குறைபாட்டை யோசிக்க வேண்டும். அதற்கு வேண்டியது எழுத்தையும் ஒலியையும் பொறுமையாக, படிப்படியாக இணைத்துக் கற்பித்தல். அடுத்த வருடம் புலமைப்பரிசில் என்று இன்னொரு ரியூசனில் சேர்த்தால் களைப்புத்தான் மிஞ்சும்.

ஆனாலும் முதலில் கண். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மற்றக் கண்ணை. ஒரு பக்கம் மங்கல் என்றால் அதை அவன் இதுவரை சொல்லாததற்குக் காரணம், மற்றவர்களுக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருப்பதாக இருக்கலாம். தரம் 4இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனை உண்டு, அதில் பார்வையும் பார்ப்பார்கள். உங்கள் பாடசாலையில் இன்னும் நடக்கவில்லையென்றால் காத்திருக்க வேண்டாம், கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கோ முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோங்கள். சோம்பல் கண்ணுக்கு (ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராத நிலை) சிகிச்சை 7 வயதுக்கு முன் சிறந்தது, ஆனால் 9 வயதில் பிந்திவிட்டது என்று விடக் கூடாது, இன்னும் பலன் கிடைக்கும்.

இளையவனுக்கும் கண் சோதனை தேவை. மாதம் நிறையாமல் பிறந்தவனா, பிறந்தவுடன் அழத் தாமதித்தானா என்று வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கண் நல்லாக இருந்தும் பார்வையைக் கையாளும் மூளைப் பகுதி பாதிக்கப்பட்ட பிள்ளைகள் அசையாத முகத்தைவிட அசைவதையும் வெளிச்சத்தையும் இலகுவாகப் பார்ப்பார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பலருக்குக் கிட்டப் பார்வை குவியாது, இரட்டை வில்லைக் கண்ணாடி போட்டதும் சிலருக்குக் 'கவனம்' கூடுவதுண்டு. கவனக்குறைவு என்று பெயர் வைக்க முன் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கிளினிக்குக்குப் போகும்போது பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுபோங்கள். நீங்கள் விரலால் காட்டும் இடத்தைப் பார்க்கிறானா, பிடித்த சாமானைக் கொண்டுவந்து காட்டிவிட்டு உங்கள் முகத்தை நோக்குகிறானா, இருந்த சொல் ஏதும் மறைந்துவிட்டதா என்று ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் விளையாடும்போது போனில் இரண்டு நிமிடம் எடுத்த வீடியோ ஒன்று இருந்தால் வைத்தியருக்குப் பெரிய உதவி. மற்றபடி போனை அவன் கையில் கொடுக்காதீர்கள். போனால் ஓட்டிசம் வருவதில்லை, வளர்ப்புப் பிழையாலோ, நீங்கள் கடந்து வந்த துன்பங்களாலோ வருவதுமில்லை. ஆனால் போன் எடுத்துக்கொள்ளும் நேரம் உங்கள் முகத்துக்குரிய நேரம். 2 வயதில் திரை நேரம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

பிள்ளை வைத்தியர் சந்தேகப்பட்டால் மொழிச் சிகிச்சைக்கு அனுப்புவார். ஓட்டிசம் என்று உறுதியாகும் வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, பேச்சுப் பிந்தினாலே தொடங்கலாம். மாதக்கணக்கில் போய்வர வேண்டியிருக்கும். நான் கண்டவரை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பாதியில் நிற்பது வாகனச் செலவாலும், அன்றைய கூலி போய்விடும் என்பதாலும்தான். சித்தி அனுப்புவதாகச் சொன்ன காசை அதற்கென்றே கேட்டு வாங்குங்கள்.