பெயருக்கே தடை போட்ட ஒப்பந்தம்

ஐயா,

கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய காலத்துப் போர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். 1637ல் பெக்வாட் இனம் அடியோடு அழிந்துவிட்டது என்று வாசித்தேன். பூர்வகுடிகள் ஒற்றுமையாக இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள் அல்லவா? என்னென்ன புத்தகங்கள் படிக்கலாம்?

க.

அன்புள்ள க.,

கொஞ்ச நாளாக மனசில் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தையே கேட்டிருக்கிறீர்கள். புத்தகப் பட்டியலை உங்கள் பேராசிரியரே தருவார்.

அடிபட்டவனைப் பார்த்து “நீ ஏன் ஒற்றுமையாக இல்லை” என்று கேட்பதை முதலில் விடுங்கள். பெக்வாட், நாரகான்செட், மொஹீகன் எல்லாம் தனித்தனி நாடுகள். ஒன்று சேர்க்கப் பார்த்தவரும் இருந்தார், நாரகான்செட் தலைவர் மியாண்டொனோமி. 1643ல் ஆங்கிலேயக் காலனிகளின் ஆணையர்கள் சம்மதம் கொடுக்க, மொஹீகன்கள் அவரைக் கொன்றார்கள்.

1637 மே 26, விடியற்காலை. இன்றைய கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள மிஸ்டிக்கில் மரக்கம்பங்களை நெருக்கி நட்ட கோட்டைக்குள் பெக்வாட் குடும்பங்கள் தூங்கிக்கொண்டிருந்தன. இரண்டே வாசல். ஆங்கிலேயப் படைத்தலைவர் ஜான் மேசனின் ஆட்கள் குடிசைகளுக்குத் தீ வைத்துவிட்டு வெளியே வளைத்து நின்று, தப்பி ஓடி வந்தவர்களைக் கொன்றார்கள். குறைந்தது 400 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட. இது மிதமிஞ்சிய வெறி, இத்தனை பேரையா கொல்வது என்று ஆங்கிலேயருக்குத் துணையாக வந்த பூர்வகுடி வீரர்களே பதறியதைப் படைத்தலைவர் ஜான் அண்டர்ஹில் எழுதி வைத்திருக்கிறார்.

இதை எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு ஆறாதது அடுத்த வருஷம் நடந்தது. 1638 செப்டம்பர் 21, ஹார்ட்ஃபோர்ட் ஒப்பந்தம். ஆங்கிலேயர், மொஹீகன், நாரகான்செட் மூவரும் கையெழுத்திட்டார்கள். யாரைப் பற்றிய ஒப்பந்தமோ அந்த பெக்வாட்டுகளுக்கு அதில் இடமே இல்லை. மிஞ்சியவர்களை மொஹீகன்களுக்கும் நாரகான்செட்டுகளுக்கும் பங்குபோட்டுக் கொடுத்தார்கள். சொந்த ஊருக்குத் திரும்பக் கூடாது, இனி பெக்வாட் என்று அழைக்கப்படவும் கூடாது. ஏற்கெனவே சிலரை அடிமைகளாகக் கரீபியன் பக்கம் கப்பலேற்றியாகிவிட்டது. பின்னால் பெக்வாட் ஆறு தேம்ஸ் ஆனது, கரையில் இருந்த ஊர் நியூ லண்டன் ஆனது. தீ ஒரு காலைப்பொழுதில் எரிந்து அணைந்தது. இந்தக் காகிதம் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தது. சமாதானம் என்ற தலைப்பில் நீங்கள் படிக்கும் ஒவ்வொன்றிலும் யார் கையெழுத்து இல்லை என்று பாருங்கள்.

அப்படியும் அவர்கள் அழியவில்லை, தம்பி. 1666ல் கனெக்டிகட்டின் மாஷன்டக்கெட்டில் அவர்களுக்கு ஒதுக்கிய நிலம் சுருங்கிச் சுருங்கி 200 ஏக்கர் அளவுக்கு வந்தது. எலிசபெத் ஜார்ஜ் என்ற மூதாட்டி 1973ல் இறக்கும்வரை அதை விட்டு நகரவில்லை. அவருடைய பேரன் முன்னின்று நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, 1983ல் அமெரிக்க அரசு அவர்களைப் பெக்வாட் என்ற பெயரிலேயே அங்கீகரித்தது.

உயிரோடு இருப்பவர்களை அழிந்துவிட்டார்கள் என்று எழுதுவது பெரிய அநியாயம். அந்த வரியை அடித்துவிட்டு, ஒப்பந்தத்தில் இருந்து கட்டுரையைத் தொடங்குங்கள். முடித்ததும் அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.