ஆளில்லாத தீவில் 36 பவுண்ட்

கேள்வி: தீவு, பனியில் சிக்கிய பங்களா, நடுக்கடல் கப்பல் என்று எழுத்தாளர்கள் ஏன் ஆட்களை ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய் அடைக்கிறார்கள்? மனித குணத்தை ஊருக்குள் வைத்தே காட்ட முடியாதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: காட்டலாம், காட்டியும் இருக்கிறார்கள். ஆனால் ஊருக்குள் எல்லாருக்கும் தப்பிக்க வழி இருக்கிறது. சண்டை முற்றினால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடலாம், பயம் வந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம், கோபத்தில் கை ஓங்கினவன்கூட நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று கையைக் கீழே போட்டுவிடுவான். தீவில் இந்த மூன்றுமே கிடையாது.

டேனியல் டிஃபோ 1719இல் எழுதிய ‘ராபின்சன் குரூசோ’வில் ஒரு சின்ன இடம் எனக்கு மறப்பதே இல்லை. தன்னந்தனியாகக் கரை ஒதுங்கிய குரூசோ, உடைந்த கப்பலுக்கே திரும்பத் திரும்பப் போய்ச் சாமான்களை எடுத்து வருகிறான். கடைசித் தடவை ஓர் இழுப்பறையில் காசு கிடைக்கிறது, சுமார் 36 பவுண்ட். அதைப் பார்த்துச் சிரிக்கிறான், உன்னை வைத்து நான் என்ன செய்ய, இந்தக் கத்தி ஒன்றுக்கு ஈடாவாயா என்று ஏசுகிறான், அப்புறம் என்ன தோன்றியதோ, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறான்! வாங்கக் கடை இல்லை, பார்க்க ஆள் இல்லை. லண்டன் கடைத்தெருவில் ஒருவன் காசை எடுத்து முடிந்துகொண்டால் நாம் கவனிக்கவே மாட்டோம். ஆளில்லாத இடத்தில் செய்யும்போதுதான் அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழத்தில் ஊறியிருக்கிறது என்று தெரிகிறது. பிறகு தனக்கு நேர்ந்த நல்லதையும் கெட்டதையும் வரவு செலவுக் கணக்கு மாதிரி இரண்டு பத்தியாக எழுதியும் பார்க்கிறான்.

கேள்வி: அப்படியானால் வில்லியம் கோல்டிங் ‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’ நாவலில் காட்டுவதுபோல, தீவில் விட்டால் பிள்ளைகள்கூட மிருகமாகிவிடுவார்களா?
– வாசகர், மதுரை

பதில்: அப்படி நான் நம்பவில்லை. 1965இல் டோங்கா நாட்டு விடுதிப் பள்ளி மாணவர்கள் 6 பேர் ஒரு மீனவரின் படகைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்பி, புயலில் சிக்கி, ஆட்டா என்ற வெறுந்தீவில் ஒதுங்கினார்கள். 15 மாதம். மூட்டிய நெருப்பை அணையவிடவில்லை, தோட்டம் போட்டார்கள், ஒருவனுக்குக் கால் முறிந்தபோது குச்சி வைத்துக் கட்டி, அவன் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். சண்டை வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய், கோபம் ஆறியபிறகுதான் திரும்பி வர வேண்டும். 1966இல் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியர் தம் படகில் வந்து மீட்டபோது ஆறு பேரும் நல்லபடியாக இருந்தார்கள்.

அதற்காக 1954இல் வந்த அந்த நாவலைப் பொய் என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. டோங்கா பையன்கள் ஏற்கெனவே கூட்டாளிகள், சேர்ந்து திட்டம் போட்டுக் கிளம்பினவர்கள். கோல்டிங்கின் பையன்களோ போர் நடக்கும் உலகத்திலிருந்து விமானத்தில் அனுப்பப்பட்டவர்கள், பலருக்கு ஒருவரையொருவர் தெரியக்கூடத் தெரியாது. கோல்டிங்கும் பள்ளி ஆசிரியர், இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர், இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்தவர். கடைசிப் பக்கத்தை மட்டும் திரும்ப எடுத்துப் படியுங்கள். காப்பாற்ற வந்த அதிகாரி, பிரிட்டிஷ் பையன்கள் இதைவிட ஒழுங்காக நடந்திருக்க வேண்டாமா என்று கேட்கிறார், பையன்கள் உடைந்து அழுகிறார்கள். அழுது முடிக்கட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் பார்ப்பது, தூரத்தில் நிற்கிற தம் போர்க்கப்பலை.