நுகர்வோர் கேள்வி-பதில்: ஸ்டான்லிக்கு வருகிறவர்கள் எங்கே தங்குவது?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 67. மூன்று மாதத்துக்கு முன் தீப்பெட்டி ஆலை இயந்திரத்தில் வலது கை சிக்கியது. காயம் ஆறிவிட்டது, ஆனால் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. உள்ளூர் டாக்டர், சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு வாரமாவது தங்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். நானும் கணவரும் கூட வருகிறோம். சென்னையில் எங்களுக்கு யாரும் இல்லை. உறவினர்களோ, “வடசென்னையில் தங்காதே, தி.நகரில் அறை எடுத்துக்கொண்டு போய்வா” என்கிறார்கள். என்ன செய்யலாம்?
வாசகி, கோவில்பட்டி

பதில்: தி.நகரில் அறை எடுக்காதீர்கள், அம்மா. அங்கிருந்து ஸ்டான்லிக்குப் போக மாம்பலத்தில் மின்சார ரயில் ஏற வேண்டும், பீச் ஸ்டேஷனில் இறங்க வேண்டும், பிறகு ஆட்டோ பிடிக்க வேண்டும். கையில் கட்டுடன் இருக்கும் 67 வயதுக்காரரை நெரிசல் நேரத்தில் இப்படி ஏற்றி இறக்க முடியாது. காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கவே விடியும் முன் கிளம்ப வேண்டியிருக்கும்.

நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். உங்கள் உறவினர்கள் சொன்னதைப் பல வாசகர்களும் எனக்கு எழுதுகிறார்கள். அவர்கள் அக்கறையில் சொல்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் ஸ்டான்லியின் வாசலைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வெளியூரிலிருந்து நோயாளியை அழைத்து வருகிறவர்களுக்கு இந்த இடம் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பழகிய இடம். பஞ்சத்தில் பட்டணத்துக்கு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-இல் ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் இந்த மருத்துவமனை. எங்கள் பாட்டி காலத்தில் யாரும் இதை ஸ்டான்லி என்று சொன்னதில்லை. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள்.

ஊர் தெரியாதவர்கள் அறை எடுக்கும்போது, பகலில் பார்க்க அழகான பகுதி எது என்று விசாரிக்கிறார்கள். நானும் அந்தத் தவற்றைச் செய்தேன். என் அம்மாவை வேறொரு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தபோது, “நல்ல ஏரியா” என்று எல்லோரும் சொன்ன இடத்தில் அறை எடுத்தேன். இரண்டாம் நாள் காலை டாக்டர் வார்டுக்கு வந்து போய்விட்டார். நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன். அவர் சொன்னதைப் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று மாலையே அறையைக் காலி செய்துவிட்டு மருத்துவமனைக்கு அடுத்த தெருவுக்கு மாறினேன்.

உங்களுக்கு மிகவும் கடினமான நேரம் எதுவாக இருக்கும் என்று முதலில் யோசியுங்கள். ஆண்கள் வார்டில் இரவுத் துணைக்கு ஆண் இருப்பதுதான் வழக்கம். எனவே உங்கள் கணவர் வார்டில் இருப்பார், நீங்கள் இரவு எட்டரைக்கோ ஒன்பதுக்கோ தனியாக அறைக்குத் திரும்புவீர்கள். அந்த நடைக்கு ஏற்ற இடத்தைத்தான் தேட வேண்டும்.

அதனால் இரண்டு வாரத்துக்கும் ஒரே அறை எடுக்க வேண்டாம் என்பது என் யோசனை. மாமனார் உள்ளே படுத்திருக்கும் நாட்களில் உங்களுக்கு வேண்டியது குளிக்கவும், துணி அலசவும், பையை வைக்கவும் ஓர் இடம். அது நடந்து போகும் தூரத்தில் இருந்தால் போதும். பழைய சிறைச்சாலை ரோட்டையும் அதை ஒட்டிய ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களையும் முதலில் பாருங்கள். அறைகள் சிறியவைதான். ஆனால் மருந்துக்கடை, இட்லிக் கடை, டீக்கடை எல்லாம் மருத்துவமனையை நம்பியே நடப்பதால் தெரு சீக்கிரம் அடங்குவதில்லை. அங்கே கிடைக்காவிட்டால் மண்ணடி. லாட்ஜுகள் நிறைய உண்டு, இரவிலும் ஆள் நடமாட்டம் உண்டு, மெட்ரோ நிலையமும் இருக்கிறது. பெரியமேட்டில் அறை கிடைப்பது இன்னும் எளிது, ஆனால் அது சென்ட்ரலுக்கு வருகிறவர்களுக்குத்தான் வசதி. சௌகார்பேட்டைத் தர்மசாலைகள் சுத்தமானவை, சைவச் சாப்பாடு கிடைக்கும். ஆனால் பகலில் அந்தச் சந்துகளில் ஆட்டோ நகராது. அவசரத்துக்கு உதவாது.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு தேவை முழுக்க மாறிவிடும். சில நாளுக்கு ஒரு முறை கட்டு மாற்ற வர வேண்டும், மற்ற நேரமெல்லாம் ஓய்வு. அப்போது சத்தமில்லாத இடத்துக்கு மாறுங்கள். திருவொற்றியூர்த் தேரடிப் பக்கம் எனக்குப் பிடித்த இடம். வடிவுடையம்மன் கோயில் அருகில், மெட்ரோ நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது, வண்ணாரப்பேட்டை ஆறாவது நிறுத்தம். அங்கிருந்து ஸ்டான்லிக்கு ஆட்டோ. அறை கடற்கரைச் சாலையைப் பார்த்து இருக்கக் கூடாது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவு முழுக்க அங்கே ஓடும். பெரம்பூரும் அமைதியான பகுதிதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்குச் செலவாகும்.

இனி அறையைப் பற்றி. வலது கை முழுதும் கட்டுப் போட்டு, கையைத் தூக்கியே வைத்திருக்கச் சொல்லி அனுப்புவார்கள். ஒரே கையால் வாளியிலிருந்து மக்கில் தண்ணீர் மொள்ளலாம், ஆனால் அதே கையால் கழுவவும் வேண்டும் என்றால் மக்கை யார் பிடிப்பது? மேற்கத்தியக் கழிப்பறையும், கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீர்க் குழலும் இல்லாத அறை உங்கள் மாமனாருக்கு ஆகாது. அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். நீங்கள்தான் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கேயே குழாயைத் திறந்து சோப்பைக் கையில் தேய்த்துப் பாருங்கள். கடலோரம் என்பதால் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சோப்பு சரியாக நுரைக்காவிட்டால் அதுதான். ஒரு நாள் சமாளிக்கலாம், இரண்டு வாரம் முடியாது. “மெட்ரோ தண்ணீர் வருகிறதா?” என்று கேளுங்கள், குடிநீர் வாரியத் தண்ணீரைத்தான் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வருவதாக இருந்தால் தரைத்தள அறை வேண்டாம்.

செக் அவுட் 24 மணி நேரமா, பகல் 12 மணியா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். கோவில்பட்டியிலிருந்து இரவு ரயில் ஏறினால் விடியற்காலையில் எழும்பூரில் இறங்குவீர்கள். பகல் 12 மணிக் கணக்கு என்றால், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் வாடகை போய்விடும். முதல் நாள் ஒரு இரவுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். மொத்தமாகக் கட்டினால் வாடகை குறைப்பதாகச் சொன்னாலும், ஒரு முறை இரவு ஒன்பதரைக்கு மருத்துவமனை வாசலிலிருந்து அறை வரை கணவரோடு நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எந்தக் கடைகள் திறந்திருக்கின்றன, பெண்கள் நடமாடுகிறார்களா, தெருவிளக்கு எரிகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அறை வாடகைக்கு ஜி.எஸ்.டி. கேட்டால், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம்தான். இது 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1,200 ரூபாய் அறைக்கு 60 ரூபாய். பழைய 12 சதவீதத்தைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லையென்றால் வரி வசூலிக்கவே அவர்களுக்கு உரிமை இல்லை. ஆதார் நகல் கேட்பார்கள். முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரை இணையத்தில் இறக்கி அச்செடுத்து வாருங்கள்.

எழும்பூரில் இறங்கியதும் மெட்ரோவில் சென்ட்ரலுக்கு ஒரு நிறுத்தம். அங்கே விம்கோ நகர் வண்டிக்கு மாறினால் உயர் நீதிமன்றம், மண்ணடி, அடுத்தது வண்ணாரப்பேட்டை. ஸ்டான்லி வளாகத்திலேயே அம்மா உணவகம் இருக்கிறது, வார்டில் இருப்பவருக்குக் காலை இட்லி அங்கேயே வாங்கிவிடலாம். மாமனார் குணமாகி ஊர் திரும்பியதும் ஒரு வரி எழுதுங்கள், அம்மா.

கேள்வி: தங்கை கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமை வருகிறோம். எம்.சி. ரோடு, சௌகார்பேட்டை இரண்டும் பார்க்க வேண்டும். எங்கே தங்குவது?
வாசகர், திருவண்ணாமலை

பதில்: தங்கும் இடத்துக்கு முன் கிழமையை மாற்றுங்கள். சௌகார்பேட்டை மொத்த வியாபாரக் கடைகளில் பல ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். சனிக்கிழமை பிற்பகல் வந்து சேர்ந்தால் பாதி வேலைதான் நடக்கும். புதன் அல்லது வியாழன் வாருங்கள். மண்ணடியில் அறை எடுத்தால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஒரு பக்கம், சௌகார்பேட்டை மின்ட் தெரு மறுபக்கம். வாங்கிய மூட்டையை மதியம் அறையில் போட்டுவிட்டு மறுபடி கிளம்பலாம், அதற்காகவே பக்கத்தில் தங்க வேண்டும். காரில் வருவதாக இருந்தால், வண்டி நிறுத்த இடம் உண்டா என்று லாட்ஜில் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: ஒரு செயலியில் “சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகில்” என்று போட்டிருந்ததை நம்பி மூன்று நாளுக்கு அறை பதிவு செய்தேன். இறங்கிப் பார்த்தால் அது மாதவரம் ரவுண்டானாவையும் தாண்டி இருக்கிறது. தங்காமல் திரும்பிவிட்டேன். “ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனையை ஏற்றுத்தானே பதிவு செய்தீர்கள்?” என்கிறார்கள்.
வாசகர், குடியாத்தம்

பதில்: விட்டுவிடாதீர்கள். நீங்கள் மனம் மாறி ரத்து செய்யவில்லை. சொன்ன இடத்தில் அறை இல்லை. பத்து கிலோமீட்டர் தள்ளி இருப்பதை “அருகில்” என்று விளம்பரம் செய்வது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம். அந்த நிபந்தனை இதற்குக் கேடயம் ஆகாது.

விளம்பரப் பக்கம் மாற்றப்படும் முன் இன்றே அதைப் படம் பிடித்து வையுங்கள். பதிவு உறுதிச் செய்தி, பணம் கட்டிய ரசீது, வரைபடத்தில் தெரியும் தூரம், ஆட்டோ கட்டணம் ஆகியவற்றையும் சேருங்கள். அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அறை வாடகையோடு, அன்று வேறிடத்தில் தங்கிய செலவையும் கேளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஓராண்டு தொழிற்பழகுநர் பயிற்சி கிடைத்திருக்கிறது. பெரம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு பெண்கள் விடுதிக்கு அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
வாசகர், திருவாரூர்

பதில்: உங்கள் மகளுக்கு வாழ்த்துகள். ஆனால் இன்னும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், பெரம்பூர் என்ற பெயர் பலரைக் குழப்புகிறது. சென்ட்ரலிலிருந்து போகும்போது பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என்று அடுத்தடுத்து மூன்று நிலையங்கள் வரும், நான்காவது வில்லிவாக்கம். ஐ.சி.எஃப். இருப்பது லோகோ ஒர்க்ஸ், வில்லிவாக்கம் பக்கம். எனவே வில்லிவாக்கத்திலும் அயனாவரத்திலும் தேடுங்கள். ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கு அந்த இரண்டு நிலையத் தூரம் தினமும் சுமையாகும்.

விடுதியைப் பார்க்கும்போது பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி பெண்கள் விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். காட்டத் தயங்கினால் அடுத்த விடுதிக்குப் போய்விடுங்கள். அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதை ரசீதின் பின்புறத்திலாவது எழுதி வாங்குங்கள். அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் பெண்களில் ஒருவரிடம் உங்கள் மகள் தனியாகக் கால் மணி நேரம் பேசட்டும், நீங்கள் வாசலில் காத்திருங்கள்.