மூன்று பேரைக் கொடுத்து ஒருவரை வாங்கினால்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க என்பிஏ கூடைப்பந்தில் ஒரு ஸ்டார் ஆட்டக்காரருக்காக மூன்று நான்கு பேரைத் தூக்கிக் கொடுப்பது பெரும்பாலும் நட்டத்தில்தான் முடியும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒத்துவரவில்லை. களத்தில் நிற்பது ஐந்தே பேர், அதில் ஒருவர் மலை மாதிரி இருந்தால் போதாதா? 2007-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் கெவின் கார்னெட்டுக்காக ஐந்து ஆட்டக்காரர்களையும், புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளையும் கொடுத்தது. அடுத்த ஆண்டே சாம்பியன்! இரவு ஷிப்டு முடிந்து வந்து தூங்காமல் ஆட்டம் பார்க்கிறவன் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

முதலில் தூங்குங்கள். ஆட்டத்தை மறுஒளிபரப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

கார்னெட் கணக்கு சரிதான். 24 வெற்றியோடு கிடந்த அணி அடுத்த பருவத்தில் 66 ஆட்டம் ஜெயித்தது. ஆனால் கொடுத்ததுபோக வீட்டில் யார் மிச்சம் என்று பாருங்கள்: பால் பியர்ஸ், ஒரு மாதம் முன்பே வந்துவிட்ட ரே ஆலன், கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொண்ட ரோண்டோ, பெர்கின்ஸ். அப்புறம் ஜேம்ஸ் போஸி, எடி ஹவுஸ் என்று பெஞ்சுக்கும் ஆள் பிடித்தார்கள்.

'ஐந்தே பேர்' என்பதில்தான் இடிக்கிறது. 48 நிமிட ஆட்டம், ஐந்து இடம், மொத்தம் 240 நிமிடம். ஸ்டார் எவ்வளவு உழைத்தாலும் 36 நிமிடத்துக்கு அருகில் ஆடுவார். மீதி இருநூற்றுச் சொச்சம் நிமிடத்தை யாராவது ஓடித்தானே ஆகவேண்டும்?

நானும் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன்தான். ஒரு வருடம் எழுவர் கால்பந்துப் போட்டிக்காகப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டிரைக்கரை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு எங்கள் பையன்கள் இருவரை அங்கே ஆட அனுப்பினோம். அதில் ஒருவன் பால்மரம் வெட்டுகிறவன். நிறுவை முடித்து நேராகத் திடலுக்கு வருவான், முழங்கையில் காய்ந்த பால் நூல் நூலாய்ச் சுருண்டிருக்கும், அதைப் பிய்த்துக்கொண்டே எதிரணி விங்கரை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடுவான். ஒரு கோல்கூடப் போட்டதில்லை, அதனால் அவனை யாரும் பெரிதாக நினைக்கவும் இல்லை. வந்த ஸ்டிரைக்கர் முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் போட்டார். நாங்கள் ஐந்து வாங்கினோம்.

லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் இதை இரண்டு விதமாகவும் செய்து பார்த்த அணி. 2019-இல் அந்தோணி டேவிஸுக்காக லோன்சோ பால், இங்கிரம், ஜோஷ் ஹார்ட் மூவரையும் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளையும் கொடுத்தார்கள். பெரிய விலை, ஆனால் கால்டுவெல்-போப், கரூஸோ மாதிரி தடுத்து ஆடுகிறவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள், 2020-இல் கோப்பை வந்தது. 2021-இல் அதே கால்டுவெல்-போப்போடு கூஸ்மா, ஹாரல், ஒரு டிராஃப்ட் வாய்ப்பு என்று சேர்த்துக் கொடுத்து வெஸ்ட்புரூக்கை வாங்கினார்கள். கரூஸோவும் அந்தக் கோடையிலேயே சிகாகோ போய்விட்டார்.

இங்கே பணமும் கழுத்தைப் பிடிக்கும். லீக் வைத்திருக்கும் அணிச் சம்பள வரம்பைத் தாண்டிய அணி கிட்டத்தட்டச் சமமான சம்பளத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதனால்தான் ஒரு ஸ்டாருக்கு மூன்று நடுத்தரச் சம்பளக்காரர்கள் போகிறார்கள். வெஸ்ட்புரூக் வந்த பருவத்தில் வரம்பு 112 மில்லியன் டாலர் சொச்சம். வெஸ்ட்புரூக், ஏற்கெனவே அணியில் இருந்த லெப்ரான், டேவிஸ் மூவர் சம்பளமே 120 மில்லியனைத் தாண்டியது. மற்ற இடங்களைப் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வந்தவர்களை வைத்து நிரப்பினார்கள். 33 வெற்றி, 49 தோல்வி, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்கே போகவில்லை. வெஸ்ட்புரூக்கை எல்லாரும் திட்டினார்கள், பாவம், அவர் எப்போதும் ஆடுகிற ஆட்டத்தைத்தான் ஆடினார்.

கால்டுவெல்-போப் 2022-இல் டென்வருக்குப் போய்ச் சேர்ந்தார். மறு வருடம் மேற்குப் பகுதி இறுதிச் சுற்றில் டென்வர் லேக்கர்ஸை நாலுக்குச் சுழியம் என்று வீட்டுக்கு அனுப்பி, கோப்பையையும் தூக்கியது. அந்த நாலு ஆட்டத்தையும் நீங்கள் தூங்காமல் பார்த்திருப்பீர்கள்.