விரலில் நெட்டி முறிக்கலாம், கழுத்தில்?

உங்கள் அம்மாவின் விரல்கள் கோணிப்போனதற்கு அவர் நெட்டி முறித்தது காரணமே இல்லை. அவருக்கு இருப்பது முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதால் வருவது. இரண்டு பக்கக் கடிதத்தில் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான்: “34 வயதாகிறது, நாள் முழுக்க விரல்களை முறித்துக்கொண்டே இருக்கிறேன், எனக்கும் அம்மா மாதிரி ஆகிவிடுமா?” முறிப்பதால் ஆகாது.

அந்தச் சத்தம் எலும்பு உரசுகிற சத்தமும் இல்லை. மூட்டுக்குள் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பான நீர் இருக்கிறது. அதில் வாயு கரைந்திருக்கும். விரலை இழுத்தாலோ மடக்கினாலோ உள்ளே அழுத்தம் சட்டென்று குறைந்து, வாயு குமிழாகிவிடுகிறது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. ஓடிக்கொண்டிருக்கும்போதே விரலை இழுத்து இதைப் படம் பிடித்தார்கள். வீட்டிலும் சோதிக்கலாம்: ஒரு விரலை முறித்த கையோடு அதையே மறுபடி முறித்துப் பாருங்கள், வராது. வாயு திரும்பக் கரைய ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். பாட்டிகள் பேரனின் கன்னத்தை வழித்து, தங்கள் நெற்றிப்பொட்டில் வைத்துப் படபடவென்று முறிப்பார்களே, எத்தனை சத்தமோ அத்தனை கண்ணேறு என்று? அடுத்து நிற்கும் பேத்திக்குத் திருஷ்டி எப்போதும் குறைச்சல்தான்.

கலிபோர்னியாவில் டொனால்ட் உங்கர் என்று ஒரு டாக்டர். சின்ன வயதில் அம்மாவும் பெரியம்மா, சித்திமாரும் “கை கெட்டுப்போகும்” என்று திட்டியதைப் பொய்யாக்கவே, இடது கையை மட்டும் தினமும் இரண்டு தடவையாவது முறித்தார். வலது கையை விட்டுவைத்தார். இப்படி ஐம்பது வருடம். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. 2009இல் இதற்காக அவருக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது; முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு, நோபலைக் கிண்டலடித்துத் தருகிற பரிசு அது. ஒரே ஆளின் கையை ஆய்வு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் பலருடைய கை எக்ஸ்ரேக்களை வைத்துப் பார்த்தவர்களும், முறிக்கிறவர்களுக்குத் தேய்மானம் கூடுதல் என்று காணவில்லை.

ஆகவே, மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கி மூன்று மாதமாக விழுங்கும் கால்சியம் மாத்திரையை நிறுத்துங்கள். சத்தம் கால்சியம் குறைவின் அடையாளம் இல்லை. யூரிக் ஆசிட் டெஸ்டுக்குக் கொடுத்த காசும் வீண். மாடிப்படியில் முழங்கால் ‘கடக்’ என்கிறதா, வலி இல்லை என்றால் விடுங்கள். விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் இருந்தால் மட்டும் வாதநோய் மருத்துவரைப் பாருங்கள். அம்மாவுக்கு இருப்பதால் சொல்கிறேன்.

சரி, கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “சலூனில் முடி வெட்டியதும் கழுத்தையும் நெட்டி எடுத்துவிடுவார், போன மாதம் மட்டும் ரெண்டு நாள் பிடித்துக்கொண்டது.” எனக்குப் பயம் வந்தது இந்த வரியில்தான்.

ஒரு கை தாடையில், ஒரு கை பின்மண்டையில், ‘லூசா விடுங்க’ என்று சொல்லிவிட்டு ஒரே திருப்பு. கழுத்தெலும்புகளின் இரண்டு பக்கமும் துளைகள் உண்டு. அவற்றுக்குள் கோத்த மாதிரி, பக்கத்துக்கு ஒரு ரத்தக்குழாய் மூளையின் பின்பகுதிக்கு ஏறுகிறது. மேலே முதல் இரண்டு எலும்புகளுக்கிடையில் அது வளைந்து போவதால், தலையைத் திருப்பும்போது அங்கேதான் இழுபடும். வெடுக்கென்று முறுக்கினால் குழாயின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அபூர்வம்தான். ஆனால் பிரஷர், சுகர் எதுவும் இல்லாத சின்ன வயதுக்காரர் பக்கவாதத்தோடு வந்தால், “சமீபத்தில் கழுத்தில் ஏதாவது செய்தீர்களா?” என்று டாக்டர்களாகிய நாங்கள் கேட்பது இதனால்தான்.

உங்களுக்கு வந்தது தசைப்பிடிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இனி எப்போதாவது கழுத்தைத் திருப்பிய அன்றோ, நாலு நாள் கழித்தோ, இதுவரை வராத விதமாக ஒரு பக்கக் கழுத்தோ பின்மண்டையோ வலித்தால், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். தலை சுற்றினாலோ, நடை ஒரு பக்கம் இழுத்தாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கச் சிரமமானாலோ, முகம் ஒரு பக்கம் மரத்தாலோ, உடனே 108ஐக் கூப்பிட்டு ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பித்தம் என்று எலுமிச்சைச் சாறு குடித்துப் படுப்பவர்கள் அந்த நேரத்தைத் தொலைக்கிறார்கள். அதைவிட மோசம், அதே சலூனுக்குப் போய் “அண்ணே, சரியா விழல, இன்னொரு தடவை எடுத்துவிடுங்க” என்பது. முதுகில் மைக் வைத்து ‘கடகட’ காட்டும் யூடியூப் வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே மனைவியைத் திருப்பச் சொல்வதும் அதே ரகம்.

தலையில் எண்ணெய் வைத்துத் தட்டட்டும், தோளைப் பிசையட்டும், ஆட்சேபம் இல்லை. அவர் கை தாடைக்கு வரும்போது “கழுத்து வேண்டாம்ணே” என்று எழுந்துவிடுங்கள்.