சிவப்பாக மாட்டேன் என்கிற பட்டை

கேள்வி: விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஃபைல்களை நகலெடுக்கும் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருக்கிறேன். நகலெடுப்பது பாதியில் தோற்றால் புரோகிரஸ் பார் (வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை) சிவப்பாக வேண்டும். ஃபோர்கலரில் (முன்புற நிறம்) சிவப்பு கொடுத்தும் பச்சையாகவே நிற்கிறது. மெயினில் (புரோகிராம் தொடங்கும் இடம்) இருக்கும் ‘என்னேபிள் விஷுவல் ஸ்டைல்ஸ்’ வரியை எடுத்துவிடச் சொன்னார் நண்பர். எடுத்தேன், சிவப்பு வந்துவிட்டது. ஆனால் பட்டன்கள் எல்லாம் விண்டோஸ் 98 காலத்துக்குப் போய்விட்டன. என்ன செய்யலாம்?

பதில்: நண்பர் சொன்னது தப்பில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது பட்டன், புரோகிரஸ் பார் போன்ற கண்ட்ரோல்களை வரைகிற வேலை தீமின் (எல்லாவற்றின் தோற்றத்தையும் முடிவு செய்கிற விண்டோஸ் பகுதி) கைக்குப் போனது. அன்றிலிருந்து ஒரு கண்ட்ரோல் தீமிடம் மூன்று தகவல்தான் சொல்கிறது: நான் எந்த வகை, வரைய வேண்டியது எந்தப் பகுதி, இப்போது என்ன நிலை. சாதாரண பட்டனுக்கே ஐந்து நிலைகள் உண்டு. சும்மா இருப்பது, மேலே மவுஸ் நிற்பது, அழுத்தப்பட்டது, முடக்கப்பட்டது, என்டர் தட்டினால் வேலை செய்யப் போவது. இந்தப் பேச்சுவார்த்தையில் நிறம் என்ற பேச்சே வருவதில்லை. உங்கள் ஃபோர்கலர் தீமின் காதில் விழாததற்குக் காரணம் இதுதான்.

பழைய புரோகிராம்கள் கெட்டுப்போகாமல் இருக்க, பொதுக் கண்ட்ரோல் நூலகத்தின் பழைய 5.82 பதிப்பையும் விண்டோஸ் கூடவே வைத்திருக்கிறது. ‘எனக்கு 6-ஆம் பதிப்பு வேண்டும்’ என்று கேட்காத புரோகிராமுக்குப் பழையதுதான் கிடைக்கும். நீங்கள் எடுத்துவிட்ட வரி அந்தக் கோரிக்கைதான். ஜன்னலின் தலைப்புப் பட்டையைப் பாருங்கள், அது மட்டும் புதுசாகவே இருக்கும், ஏனென்றால் அதை வரைவது உங்கள் புரோகிராம் இல்லை. முதலில் அந்த வரியைத் திரும்பப் போடுங்கள், முதல் ஃபார்ம் உருவாவதற்கு முன்னால். (டாட்நெட் 6 முதல் இது ‘அப்ளிகேஷன் கான்ஃபிகரேஷன்’ இனிஷியலைஸ் வரிக்குள் ஒளிந்திருக்கிறது. காணோமே என்று தேடாதீர்கள்.)

சரி, சிவப்புக்கு வருவோம். தோல்வியைக் காட்டத்தானே கேட்கிறீர்கள்? அதற்கு நிறம் மாற்றவே வேண்டாம். விஸ்டாவிலிருந்து புரோகிரஸ் பாருக்கே மூன்று நிலைகள் இருக்கின்றன. அதன் ஹேண்டிலுக்கு (விண்டோஸ் அதை அடையாளம் காணும் எண்) சென்ட்மெசேஜ் என்ற ஃபங்ஷன் மூலம் 1040 என்ற செய்தியை அனுப்புங்கள். கூடவே 2 கொடுத்தால் பிழை, சிவப்பு. 3 கொடுத்தால் இடைநிறுத்தம், மஞ்சள். 1 கொடுத்தால் பழையபடி பச்சை. ஃபோர்கலர் தெரிந்த பலருக்கு இது தெரியாது. எனக்கும் வெகுநாள் தெரியாது.

ஊதாதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அந்த ஒரு கண்ட்ரோலுக்கு மட்டும் தீமைக் கழற்றிவிடலாம். ‘செட்விண்டோதீம்’ என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு அது கேட்கும் இரண்டு பெயர்களையும் வெற்று ஸ்ட்ரிங்காக (நல் அல்ல) கொடுத்தால் போதும். பட்டை தட்டையாக, பழைய பாணியில் வரும், ஆனால் சொன்ன நிறத்தில் வரும். இதை கன்ஸ்ட்ரக்டரில் (கண்ட்ரோல் உருவாகும்போது முதலில் ஓடும் பகுதி) எழுதாமல் ‘ஆன்ஹேண்டில் கிரியேட்டட்’ உள்ளே எழுதுங்கள். சில பண்புகளை மாற்றும்போது விண்டோஸ் ஃபார்ம்ஸ் ஹேண்டிலையே புதிதாக உருவாக்கும். அப்போது நீங்கள் கழற்றிய தீம் சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதே ஃபங்ஷனுக்கு நல்ல முகமும் உண்டு. ட்ரீவியூவின் (கிளை கிளையாகப் பட்டியல் காட்டும் கண்ட்ரோல்) ஹேண்டிலோடு ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற பெயரைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ‘அழி’ பட்டனுக்கு பேக்கலர் (பின்னணி நிறம்) சிவப்பு கொடுத்தேன். நிறம் வந்தது, ஆனால் பக்கத்துப் பட்டன்களோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. பேசாமல் நானே வரைந்துவிடலாமா?

பதில்: பேக்கலரைத் தொட்டதும் ‘யூஸ்விஷுவல்ஸ்டைல்பேக்கலர்’ என்ற பண்பு பொய்யாகிவிடும் (ஃபால்ஸ்). அந்தப் பட்டனின் பின்னணி அதோடு தீமின் பொறுப்பில் இல்லை. அதை மறுபடி மெய்யாக்கினால் பழைய தோற்றம் வரும்.

நானே வரைகிறேன் என்று நானும் ஒருகாலத்தில் கிளம்பினேன். வளைந்த மூலை, அழகான சிவப்பு, மேலே மவுஸ் வந்தால் கொஞ்சம் வெளிறும். இரண்டு நாள் அதிலேயே போனது, பெருமை தாங்கவில்லை. கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் மவுஸைத் தொடவே மாட்டார், எல்லாம் டேப் விசைதான். என் ஃபார்மில் நாலு முறை டேப் தட்டிவிட்டு, “தம்பி, நான் இப்போ எந்த பட்டன்ல நிக்கிறேன்?” என்று கேட்டார். ஃபோகஸ் காட்டும் கோட்டை நான் வரையவே இல்லை! அவர் தட்டிய ஸ்பேஸ் என் அழகான சிவப்பின் மேல்தான் விழுந்தது. அழிந்தது சோதனை டேட்டா என்பதால் தப்பித்தேன்.

வரைவதென்றால் முன்னே சொன்ன ஐந்து நிலைகளையும் வரையுங்கள், ஃபோகஸ் கோட்டையும் சேர்த்து. ஹை கான்ட்ராஸ்ட் (பார்வை குறைந்தவர்களுக்கான பளிச் நிறங்கள்) இயங்குகிறதா என்று ‘சிஸ்டம்இன்ஃபர்மேஷன்’ சொல்லும். இயங்கினால் உங்கள் சிவப்பை விட்டுவிட்டு சிஸ்டம் நிறங்களை எடுங்கள். இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால் பட்டனைத் தொடாமல் அதில் ஒரு சின்ன சிவப்பு ஐகான் வையுங்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

கேள்வி: பைத்தானில் டிகிண்டர் (ஜன்னல், பட்டன் எல்லாம் செய்யும் நூலகம்). அதில் தீமோடு வரும் டிடிகே பட்டனுக்கு ஸ்டைலில் பேக்கிரவுண்ட் கொடுத்தால் ஓரம் மட்டும் நிறம் மாறுகிறது. ஏன்?

பதில்: விண்டோஸில் டிடிகே இயல்பாக எடுத்துக்கொள்வது ‘விஸ்டா’ தீம். பட்டனின் முகத்தை அங்கே விண்டோஸே வரைவதால் உங்களுக்கு மிஞ்சியது ஓரம்தான். ‘தீம்_யூஸ்’ கொடுத்து ‘கிளாம்’ தீமுக்கு மாறுங்கள், அதை டிகிண்டரின் அடியில் இருக்கும் டிகே தானே வரைவதால் நிறம் பிடிக்கும். மவுஸ் மேலே வரும்போதும் அந்த நிறம் நிலைக்க ‘மேப்’பில் (நிலைக்கு ஒரு நிறம் சொல்லும் ஃபங்ஷன்) ‘ஆக்டிவ்’ நிலைக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்.